கிட்டங்கிக்கு இடம் எங்கே?



ஓர் இடம் வாங்குவதென்றால் நாம் என்னென்ன பார்க்கிறோம்? மூலப்பத்திரம் பார்க்கிறோம். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பாதை எத்தனை அடி, கரண்ட் கம்பம் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறோம். வாஸ்து தெரிந்தவரை அழைத்துப் போய் மூலை பார்க்கிறவர்களும் உண்டு. ஆனால் அந்த இடம் அரசாங்கத்தின் வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொன்னால் பத்துப் பேர் தேறுவது சந்தேகம். நாமும் பார்க்கவில்லை. பார்க்காததால் நாற்பது சென்ட் நிலமும், அதில் போட்ட பணமும், பக்கத்து விவசாயிகளின் ஒரு போக விளைச்சலும் என்ன ஆயின என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். இதில் நம் தவறும் உண்டு. மறைக்காமல் எழுதினால்தான் மற்றவருக்குப் பயன்படும்.

முதலில் நிறம் என்றால் என்ன என்று சொல்லிவிடுவோம். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் சேர்த்து முழுமைத் திட்டம் என்று ஒன்று தயாரிக்கிறார்கள். மாஸ்டர் பிளான் என்றால் எல்லோருக்கும் புரியும். எந்தெந்தப் பகுதியில் எந்தெந்தச் சர்வே எண்ணை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அதில் பிரித்திருப்பார்கள். வரைபடத்தில் மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில், பச்சை விவசாயம். மதுரைக்கு இப்படி ஒரு முழுமைத் திட்டம் 1995-இல் ஒப்புதலானது. பட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும். அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்வது இந்த நிறம்தான். இரண்டும் வேறு வேறு அலுவலகத்தில் இருக்கின்றன. பத்திரம் பதிகிற இடத்தில் நிறத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இங்கேதான் வியாபாரி ஏமாறுகிறான்.

இந்த ஊருக்கு வரைபடம் போட்டு வாழ்வது புதிதல்ல. கோயிலை நடுவில் வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரம் சதுரமாகப் பிரித்த ஊர் இது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் திருத்தி அமைத்தது என்பார்கள். எந்தச் சரக்கு எந்தத் தெருவில் என்பதும் பழக்கத்தால் வந்தது. நெல்லுக்கு நெல்பேட்டை, பாத்திரத்துக்கு வெண்கலக்கடைத் தெரு, பலசரக்குக்குக் கீழமாசி வீதி. பிறகு 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். தூர்த்த இடம் வெளி வீதிகள் ஆயிற்று. கோட்டைக்குள் நெருக்கடி தாங்காமல் ஊரை விரித்த வேலை அது. அவர் ஞாபகமாக நட்டதுதான் நாம் தினமும் தாண்டிப் போகிற விளக்குத்தூண். அதற்கப்புறம் சுமார் நூற்றைம்பது வருடம், மொத்த வியாபாரம் பெருகப் பெருக, சரக்கு அதே சதுரத்துக்குள்தான் அடைந்து கிடந்தது.

நாம் 1977-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தபோது கடைக்குப் பின்னாலேயே கிட்டங்கி இருந்தது. மாடியில் குடும்பம். மூட்டை எல்லாம் அப்போது குவிண்டால் மூட்டை. குல்பர்கா துவரை, ராமநாதபுரம் வத்தல், மல்லி, சீனி, வெல்லம் எல்லாம் லாரியில் ராத்திரி வந்து இறங்கும். விடிவதற்குள் வண்டி மாட்டி வெளியூர்க் கடைகளுக்குப் போய்விடும். இப்போது அரிசி 25 கிலோ சிப்பம், பருப்பு 50 கிலோ மூட்டை. பத்து டன் லாரி ஒன்று வந்தால் ஐம்பது கிலோ மூட்டை இருநூறு. ஒரே நாளில் மூன்று லோடு வந்தால் பின்கட்டு நிறைந்து, நடைபாதை நிறைந்து, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

மாடி கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டடம் கூடாது என்று 1997-இல் அரசாணை வந்தது. ஒன்பது மீட்டர் என்பது முப்பது அடிக்குச் சற்றுக் குறைவு. கீழ்த்தளமும் மேலே இரண்டு மாடியும்தான் அதற்குள் அடங்கும். கோபுரம் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்ட ஆணை அது. நாமும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறக்கிறோம். அந்த ஆணையைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. உயரம் கொடுத்திருந்தாலும் மளிகைக்கு அதிகம் பயனில்லை. துணிக்கடைக்காரர் நான்காவது மாடியிலும் வாடிக்கையாளரை லிப்டில் ஏற்றி வியாபாரம் செய்யலாம். ஐம்பது கிலோ மூட்டையை இரண்டாவது மாடிக்கு ஏற்ற எந்தத் தொழிலாளி சம்மதிப்பார்? சம்மதித்தாலும் அந்தக் கூலியை எந்த விலையில் சேர்ப்பது? அதோடு பகலில் பெரிய லாரி உள்ளே வரத் தடை. ஆக, வீதிக்குள் மேலேயும் போக முடியாது, பக்கவாட்டிலும் போக முடியாது. மூட்டை ஊருக்கு வெளியேதான் போயாக வேண்டும்.

வெளியே போனால் அங்கே என்ன நிறம்? மதுரையைச் சுற்றி நாலு திசையும் ஒரே மாதிரி இல்லை. வடக்கிலும் வடகிழக்கிலும் பெரியாற்றுப் பாசனம். 1895-இல் பென்னிகுவிக் அணை கட்டித் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பிறகு, பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோக நிலம், அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். கண்மாய்க்குக் கண்மாய் தொடர்ந்து மறுகால் பாய்கிற பூமி. தெற்கிலும் மேற்கிலும் மேடான புஞ்சையும் தரிசும் அதிகம். மாட்டுத்தாவணியில் 1999-இல் பெரிய பேருந்து நிலையம் வந்ததும், ரிங் ரோடு போட்டதும், வியாபாரிகள் எல்லோருக்கும் கண் வடகிழக்கில் போயிற்று. நமக்கும் போயிற்று.

நாம் வாங்கியது

2004-இல் மேலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நாற்பது சென்ட் வாங்கினோம். ஊர்ப் பெயர் வேண்டாம். நல்ல பாதை, லாரி திரும்ப இடம், கடைக்கு அரை மணி நேரம். தரகர், “பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் போட்டு பிளான் வாங்கிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள்” என்றார். சுற்றிலும் பார்த்தால் அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு செங்கல் காளவாசல், ஒரு கல்யாண மண்டபம், ஒரு லாரி செட் எல்லாம் இருந்தன. எல்லோரும் கட்டியிருக்கிறார்களே என்ற தைரியத்தில் நாமும் இறங்கினோம். வரைபடத்தில் அந்த இடம் முழுக்கப் பச்சை என்பதும், உள்ளூர்த் திட்டக் குழும எல்லைக்குள் இருக்கிற கிராமத்தில் பஞ்சாயத்துத் தீர்மானம் மட்டும் போதாது என்பதும் அப்போது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

நிலம் சாலையைவிட மூன்றடி பள்ளம். இருநூறு லோடுக்குக் குறையாமல் கிராவல் கொட்டி மட்டப்படுத்தினோம். தெற்கு எல்லையில் இரண்டடி அகலத்தில் ஒரு வாய்க்கால் இருந்தது. கோடையில் பார்த்ததால் காய்ந்து, புல் மண்டி, வாய்க்கால் என்றே தோன்றவில்லை. அதுவும் கிராவலுக்குள் போயிற்று. ஷீட் கொட்டகை போட்டு, தரை சிமெண்ட் பூசி, ஆவணியில் பூஜை போட்டுச் சரக்கு இறக்கினோம். சொன்னால் வெட்கக்கேடு, நமக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. நமக்குப் பின்னால் ஆறு ஏக்கர் நடவு. மேலே இருந்து வந்த தண்ணீர் நம் மேட்டில் முட்டி, வடிய வழியில்லாமல் பயிருக்குள் எட்டு நாள் நின்றது. ஒன்பதாம் நாள் காலை லாரி போனபோது பாதையில் இருபது பேர் நின்றார்கள். டிரைவர் போன் செய்ய, நாம் போய் இறங்கினோம். யாரும் கை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. அவர்களில் வயதான ஒருவர் மட்டும் முன்னால் வந்தார்.

“அண்ணாச்சி, நீங்க பணம் கொடுத்து வாங்கின இடம், நாங்க இல்லைன்னு சொல்லலை. ஆனா தண்ணி போற பாதையையும் சேத்தா வாங்கினீங்க?” என்றார்.

நமக்குப் பதில் இல்லை. “வாய்க்கால் இருந்தது தெரியாது, ஐயா” என்றோம். “சித்திரையில வந்து பாத்தா எப்படித் தெரியும்?” என்றார்.

அன்று சாயந்திரமே ஊர்ப் பிள்ளையார் கோயில் திண்ணையில் பேசி, வாய்க்காலைத் திறந்துவிட ஒப்புக்கொண்டோம். அழுகிய பயிருக்கு ஒரு தொகையும் கொடுத்தோம். முதலில் சிமெண்ட் குழாய் போட்டோம். மறு வருடமே அது அடைத்துக்கொண்டது. குழாய் நிற்காது, தளம் போட்ட சிறுபாலம்தான் சரி என்று அவர்கள் முதலிலேயே சொன்னதைக் கேட்டிருக்கலாம். இரண்டு செலவாயிற்று. பாலம் கட்டிய பிறகு அவர்களுக்கும் நமக்கும் சண்டை இல்லை. பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்குப் பழக்கம் ஆயிற்று.

ஆனால் காகிதத்தில் வந்த சண்டை அப்படி ஓயவில்லை. விவசாய உபயோகப் பகுதியில் அனுமதியின்றிக் கட்டியது ஏன் என்று நோட்டீஸ் வந்தது. நில உபயோக மாற்றத்துக்கு மனுப் போட்டோம். இந்த மனு எப்படி நகரும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். தாசில்தார் அறிக்கை வேண்டும். நஞ்சை என்றால் வேளாண்மைத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். பாசன வாய்க்கால் பக்கம் என்றால் அப்போது பொதுப்பணித்துறையிடம் கேட்பார்கள். நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் மேலே சென்னைக்குப் போய் அரசிதழில் வர வேண்டும். நம் மனு இரண்டாவது படியிலேயே நின்றது. நிலம் ஆயக்கட்டில் இருக்கிறது, மாற்றக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அதிகாரி சட்டப்படிதான் எழுதினார். அவர் மேல் நமக்கு வருத்தமில்லை. 2009-இல் கொட்டகையைப் பிரித்தோம். ஷீட்டும் இரும்பும் பாதி விலைக்குப் போயிற்று.

நிலத்தை அந்தப் பெரியவரிடமே உழுதுகொள்ளக் கொடுக்கலாமென்று கேட்டோம். அவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மூன்றடி கிராவல் மேல் நெல் வராது. கிராவலை அள்ளுவதென்றால் கொட்டிய செலவைப்போல் இன்னொரு செலவு. ஆக அந்த நாற்பது சென்ட் கிட்டங்கியும் இல்லை, வயலும் இல்லை. பச்சை என்று வரைபடத்தில் இருக்கிறது. நேரில் பார்த்தால் சிவப்பாக இருக்கிறது.

தப்பு யார் மேல்?

நம் மேல் முதலில். அதை ஒப்புக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்கிறோம். கோயில் பக்கத்தில் உயரம் கூடாது என்ற ஆணைக்கு நியாயம் இருக்கிறது. ஆயக்கட்டு நிலம் பச்சையாகவே இருக்க வேண்டும் என்பதற்கும் நியாயம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மூட்டையை ஊருக்குள்ளும் விடாமல் ஊருக்கு வெளியிலும் விடாமல் செய்கின்றன. அப்படியானால் மொத்த மளிகைக்குக் கிட்டங்கி போட நீலத்திலோ ஊதாவிலோ போதிய இடம், லாரி வந்து போகிற மாதிரி, மேட்டு நிலத்தில் எங்கே ஒதுக்கியிருக்கிறது? இந்த மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாததால்தான் வியாபாரியும் விவசாயியும் ஒரு வாய்க்கால் கரையில் எதிரெதிரே நிற்கிறார்கள். குடியிருப்புத் தெருவில் கிட்டங்கி வைத்துப் பார்த்தவர்களையும் நமக்குத் தெரியும். வத்தல் மூட்டை பிரித்தால் அண்டை வீட்டுக்காரர் தும்மிக்கொண்டே மனு எழுதுவார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

திட்டம் போட்ட அரசாங்கமே வரைபடத்தை மதித்து நடந்திருந்தால் பேச்சில்லை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2004-இல் திறக்கப்பட்டது. அது நிற்பது உலகனேரிக் கண்மாயில். மாநகராட்சிக் கட்டடம் நிற்பது தல்லாகுளம் கண்மாய். நாகமலைப் பக்கத்திலிருந்து ஊருக்குள் ஓடிவந்த கிருதுமால் நதி என்ன கதியில் இருக்கிறது என்பது தெற்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, நமக்கு அந்தப் பெரியவர் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது.

1971-இல் ஆன மாநகராட்சிக்கு 2011-க்கு முன் இருந்த எல்லை சுமார் 52 சதுர கிலோமீட்டர். 2011-இல் ஆனையூர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் முதலிய ஊர்களைச் சேர்த்து, 72 வார்டு 100 வார்டு ஆகி, சுமார் 148 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. எல்லை மூன்று மடங்கு விரிந்தது. திட்டமோ 1995-இன் திட்டமாகவே பல வருடம் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன் தைத்த சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால் எந்தப் பொத்தான் போடும்? அதனால் எல்லோருமே சட்டத்துக்குப் புறம்பானவர்கள் ஆனோம். வேண்டுமென்று மீறுகிறவனுக்கும் வேறு வழியில்லாமல் மீறுகிறவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று.

மனை விஷயத்தில் இது வெட்டவெளிச்சமாயிற்று. நம்மில் பலர் கடையில் மிஞ்சியதைப் பிள்ளைகள் பெயரில் மனையாகப் போட்டு வைத்தவர்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டதும், கல்யாணச் செலவுக்கு விற்க நினைத்த மனைகள் எல்லாம் அப்படியே நின்றன. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிந்தவற்றுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்கு செய்துகொள்ள வழி பிறந்தது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றவும் 2017-இல் தனி விதிகள் வந்தன. கட்டணம் கட்டிய ரசீது இருக்கிறது. அந்த மனைக்கு அடியில் புதைந்த வாய்க்காலுக்கு ரசீது இல்லை.

சந்தையை நகர்த்தினால் சரியாகிவிடுமா?

அதிகாரிகளிடம் பேசினால் சொல்கிற விடை ஒன்று உண்டு: “எல்லோரையும் மொத்தமாக வெளியே கொண்டுபோய்விடலாம்.” சென்னையில் கொத்தவால் சாவடியை 1996-இல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். காய், கனி, பூ போயின. உணவு தானியத்துக்கான வளாகம் பல வருடம் கழித்துத்தான் வந்தது; அதுவரை மளிகை மொத்த வியாபாரம் பழைய இடத்தில் நெரிந்துகொண்டிருந்தது. மதுரையில் கோயில் பக்கத்திலிருந்த சென்ட்ரல் மார்க்கெட் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியேறியபோது காய்கறி வியாபாரிகள் ஒரே இடத்துக்குப் போகவில்லை. சிலர் மாட்டுத்தாவணி, சிலர் பரவை. இரண்டும் ஊரின் இரண்டு கோடி. முன்பெல்லாம் கிராமத்துக் கடைக்காரர் விடியற்காலம் வந்து காய் எடுத்து, அப்படியே கீழமாசி வீதியில் மளிகைச் சிட்டையைக் கொடுத்துவிட்டு, ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். இப்போது அவர் பரவையில் காய் எடுத்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார். மளிகைக்கு அவர் ஊர்ப் பக்கத்திலேயே ஓர் ஏஜென்சி வந்துவிட்டது. நம் கடையில் அப்படிக் குறைந்த வாடிக்கை ஒன்றிரண்டு அல்ல. சந்தையை நகர்த்துகிறவர்கள் கடையின் சதுர அடியைக் கணக்கெடுக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர் எந்தெந்தக் கடைக்கு எந்த வரிசையில் போகிறார் என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

நிறம் பார்க்காமல் பல வருடம் விட்டுவிட்டு, திடீரென்று ஒருநாள் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி இருக்கிறது. 2006-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில், குடியிருப்புப் பகுதியில் நடந்த கடைகளுக்கு அங்கே மாநகராட்சி சீல் வைத்தது. கடையடைப்பு, மறியல் என்று போய், செப்டம்பரில் சீலம்பூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. பிறகு 2007 பிப்ரவரியில் வந்த டெல்லி மாஸ்டர் பிளான், பல தெருக்களைக் கலப்பு உபயோகம் என்றும் வணிகத் தெரு என்றும் ஏற்றுக்கொண்டது. அதை முன்பே செய்திருந்தால் அத்தனையும் வேண்டியிருந்திருக்காது. நம் ஊரில் தி.நகர் கடைகளுக்கு 2011 அக்டோபர் கடைசியில் சீல் வைத்தது பலருக்கும் நினைவிருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்கு 1916-இல் முதல் மண்டல விதிகள் வந்தன. அதைக் கேட்டு வாங்கியவர்களில் முன்னால் நின்றவர்கள் ஐந்தாம் அவென்யூ வணிகர்கள். தையல் தொழிற்கூடங்கள் தங்கள் கடைவீதிக்குள் வந்து நெருக்குகின்றன என்று அவர்கள் சங்கமாகச் சேர்ந்து போராடினார்கள். அதனால் பாதிக்கப்பட்ட தொழிலாளர் பக்க நியாயத்தை நாம் பேசவில்லை. வரைபடம் போடும்போது அந்த வணிகர்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். நாமோ சீல் வைக்க வரும்போதுதான் கூட்டம் போடுகிறோம்.

சட்டத்தில் இடம் இருக்கிறது. முழுமைத் திட்டத்தின் வரைவு தயாரானால் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் யார் போகிறார்கள்? லே-அவுட் போடுகிறவர்கள் போகிறார்கள். கல்லூரி கட்டுகிறவர்கள் போகிறார்கள். மளிகைக்காரர் போவதில்லை, சித்திரைத் திருவிழா வியாபாரம், தீபாவளி வியாபாரம் என்று ஏதாவது ஒன்று இருந்துவிடுகிறது. இன்னொரு பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். சாலைக்கோ பொதுக் காரியத்துக்கோ என்று திட்டத்தில் ஒதுக்கிவிட்டு மூன்று வருடத்துக்குள் எடுப்பதற்கு நடவடிக்கை இல்லையென்றால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கொள்ளலாம் என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. இது தெரியாமல் இருபது வருடம் கட்டாமல் போட்டு வைத்திருக்கிறவர்கள் உண்டு.

நாம் என்ன கேட்க வேண்டும் என்பதில் நம் அபிப்பிராயம் இது. கீழமாசி வீதியில் கடை இருக்கட்டும். மாதிரி பார்ப்பது, விலை பேசுவது, சிட்டை போடுவது எல்லாம் அங்கேயே நடக்கட்டும். கிட்டங்கிக்கு மட்டும் ரிங் ரோட்டை ஒட்டித் தெற்கிலோ மேற்கிலோ, ஆயக்கட்டில் சேராத மேட்டு நிலத்தில், மளிகைக் கிட்டங்கி என்றே பெயர் போட்டு இடம் ஒதுக்கக் கேட்க வேண்டும். கூடவே, வடக்கே இருக்கிற இருபோக நிலம் பச்சையாகவே இருக்கட்டும் என்றும் நம் மனுவிலேயே எழுத வேண்டும். இதைச் சொன்னபோது சங்கத்தில் சிலர், “அதை விவசாயிகள் கேட்டுக்கொள்ளட்டும், நமக்கென்ன?” என்றார்கள். அரிசி மண்டி வைத்திருப்பவரே இப்படிக் கேட்டது நமக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதுவரைக்கும் இடம் பார்க்கிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. சர்வே எண்ணைக் கொடுத்து நில உபயோகச் சான்று எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். புலப்படம் ஒரு நகல் வாங்கி அதில் வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை ஏதும் கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா என்று பாருங்கள். முடிந்தால் ஐப்பசி கார்த்திகையில் ஒரு தரம் நேரில் போய்ப் பாருங்கள். பக்கத்து வயல்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

நாம் இப்போது ஊருக்குத் தெற்கே, தொழில் உபயோகமாகக் குறித்த பகுதியில் வாடகைக்குக் கிட்டங்கி எடுத்திருக்கிறோம். நிறம் சரி, காகிதம் சரி. ஆனால் லாரியிலிருந்து கிட்டங்கிக்கு ஒரு இறக்குக் கூலி, கிட்டங்கியிலிருந்து கடைக்கு ஒரு ஏற்றுக் கூலி, குட்டியானை வாடகை, கடையில் மறுபடி இறக்குக் கூலி. ஒரு மூட்டை மூன்று கை மாறுகிறது. மொத்த வியாபாரத்தில் மூட்டைக்கு நமக்கு நிற்கிற லாபம் எவ்வளவு என்பதை இந்த இதழைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்பது சென்ட் இன்னும் நம் பெயரில்தான் இருக்கிறது. போன கார்த்திகையில் போய்ப் பார்த்தோம். கிராவல் மேட்டில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நின்றது. சிறுபாலத்தின் கீழ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் காலமாகிவிட்டார். அவர் மகன் பின்னால் உள்ள வயலில் நடவு போட்டிருந்தார். பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் விரிசல் விட்டிருப்பதைக் காட்டி, “அடுத்த மழைக்குள்ள பூசிருங்க, அண்ணாச்சி” என்றார். கொத்தனாரை அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

உறுப்பினர்கள் தங்கள் கடை, கிட்டங்கி இரண்டின் சர்வே எண், பரப்பு, மாதத்துக்கு எத்தனை லோடு வருகிறது என்ற விவரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், மனு தயாரிக்க உதவியாக இருக்கும். நம் கடைத் தாளை முதலில் கொடுத்துவிட்டோம்.